நோட்டில் பேர் இல்லாத பெண்கள்

எங்கள் பிள்ளைப்பாக்கத்தில் இப்போது எது கிடைக்காது, சொல்லுங்கள். சிப்காட் வந்த பிறகு ராத்திரி ஒரு மணிக்கும் டீ கிடைக்கிறது. ஷிஃப்ட் முடிந்து வரும் பிள்ளைகளை நம்பி பானிபூரி வண்டி பதினொன்று வரைக்கும் நிற்கிறது. செகண்ட் ஹேண்ட் பைக், மாதச் சீட்டு, ஒடிசா மீன் குழம்பு, ஜாதகப் பொருத்தம் எல்லாம் ஒரே தெருவில். ஒரு பெண்ணுக்கு எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் வேண்டியிருக்கிற ஒரே ஒரு மாத்திரைதான் கிடைக்காது. கேட்டவளுக்கு மாத்திரை கிடைக்காது, பேர் கிடைக்கும்.

நான் அங்கன்வாடியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். ஊருக்கு இன்னும் ‘டீச்சர்’தான். மாடியில் ரூம் போட்டுக் கம்பெனிப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். வாடகையோடு சேர்த்து அவர்களுடைய தலைவலி, வீட்டுச் சண்டை, பி.எஃப். பணம் வராத கதை எல்லாம் என் வாசலுக்கு வந்துவிடும். வரட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. அப்படித்தான் ஒரு நாள் சாயங்காலம் ஒரு பெண் வந்து வாசற்படியில் நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கடையில் அந்த மாத்திரையைக் கேட்டாளாம், கடைப் பையன் டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்று சொல்லி, மேலும் கீழும் பார்த்தானாம். கூட நின்றிருந்தவர்களும் பார்த்தார்களாம்.

சரி, நானே போகிறேன் என்று கிளம்பினேன். கடை எதுவென்று சொல்லப் போவதில்லை, எல்லாக் கடையும் அதே கடைதான்.

“யாருக்கு டீச்சர்?”

“வாங்க வந்தது நான், காசு கொடுக்கப் போறதும் நான். யாருக்குன்னு பாராசிட்டமாலுக்கு என்னிக்காவது கேட்டிருக்கியா?”

“அது இல்ல டீச்சர். இந்த மாத்திரைய தமிழ்நாட்டுல பேன் பண்ணிட்டாங்க.”

“எந்த வருஷம்?”

“அதெல்லாம் தெரியாது டீச்சர். ட்ரக் இன்ஸ்பெக்டர் வந்தா பிரச்சனை பண்ணுவாரு.”

அவன் தலைக்கு மேலே ஆணுறைப் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன, ஸ்ட்ராபெர்ரி வாசனை, சாக்லெட் வாசனை என்று. அதை வாங்குகிறவனை யாரும் ‘யாருக்கு?’ என்று கேட்பதில்லை. பையன் நல்லவன்தான். அவன் சொன்னதை அவன் உண்மையிலேயே நம்புகிறான். எனக்கு எரிச்சல் அவன் மேல் அல்ல.

ஏனென்றால் அப்படி ஒரு தடையே கிடையாது. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்கிற இந்த மருந்தை, அவசரக் கருத்தடைக்கான அளவில், டாக்டர் சீட்டு இல்லாமலேயே விற்கலாம் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அனுமதித்தது 2005-ல். ஐ-பில் என்ற பேரில் டிவி விளம்பரத்தோடு வந்தது 2007-ல். மற்ற மாநிலங்களில் மூலைக்கடை மெடிக்கலில் கூட இருக்கிறது. நம் ஊர்ப் பக்கமாகப் போகிற ஹைவேயிலேயே பெங்களூருக்குப் பஸ் ஏறிப் போனால் அங்கே கிடைக்கும், இந்தப் பக்கம் புதுச்சேரி போனாலும் கிடைக்கும். நடுவில் இருக்கிற நமக்குத்தான் இல்லை. 2006 வாக்கில் கலாச்சாரம் கெடுகிறது என்று சில அமைப்புகள் கிளம்ப, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கெடுபிடி காட்ட, கடைக்காரர்கள் சரக்கு எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து இப்படித்தான். நிருபர்கள் கேட்கும்போதெல்லாம் அதிகாரிகள் ‘தடை எதுவும் இல்லை’ என்கிறார்கள். 2020-ல் ஊரடங்கு நேரத்தில் சென்னையில் பெண்கள் கடை கடையாக ஏறி இறங்கி, இல்லை இல்லை என்ற பதிலை வாங்கி வந்து பத்திரிகைகளில் பேசினார்கள். அப்போதும் அதே பதில்தான். தடை இருந்தால் கோர்ட்டுக்குப் போகலாம். எழுதாத உத்தரவை எந்தக் கோர்ட்டில் காட்டுவது?

அந்த 2005-ஐ நினைத்தால் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. டெல்லியில் மாத்திரைக்கு வழி திறந்த அதே வருஷம், திருமணத்துக்கு முன் உறவு கொள்கிற பெண்கள் கர்ப்பமும் நோயும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பத்திரிகையில் சொன்னதற்காக நடிகை குஷ்பு மீது ஊர் ஊராக இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் போட்டார்கள். துடைப்பமும் செருப்புமாகக் கிளம்பியதை டிவியில் பார்த்தோம். உச்ச நீதிமன்றம் அத்தனை வழக்கையும் ரத்து செய்ய 2010 ஏப்ரல் வரை ஆனது. பாதுகாப்பாக இருங்கள் என்று சொன்னதற்கே அந்தப் பாடு என்றால், எந்தக் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியில் இந்த மாத்திரையை எடுத்து வைப்பார்?

கடைக்காரர்களை விடுங்கள். படித்தவர்களே இதைக் ‘கலைக்கிற மாத்திரை’ என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கருவைக் கலைப்பது வேறு மருந்து. அதற்கு டாக்டர் வேண்டும், சட்டம் இருக்கிறது, அது சரியும்கூட. இது 1.5 மில்லிகிராம் உள்ள ஒற்றை மாத்திரை. கருமுட்டை வெளியே வருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஏற்கெனவே கரு தங்கிவிட்டால் இது ஒன்றும் செய்யாது, அந்தக் கருவுக்குக் கெடுதலும் பண்ணாது. ஆணுறை கிழிந்தது, தினமும் போடுகிற மாத்திரையை மறந்தது, எதுவுமே இல்லாமல் நடந்துவிட்டது, விருப்பமே இல்லாமல் நடத்தப்பட்டது, இதற்கெல்லாம்தான் இது. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது, நேரம் போகப் போகப் பலன் குறையும். போட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். அடுத்த மாதவிலக்கு நாலு நாள் முன்னே பின்னே வரலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இதன் வேலை குறையலாம், அவர்கள் டாக்டரிடம் சொல்லிக் கேட்பது நல்லது. மாதா மாதம் நம்பியிருக்க இது சரிப்படாது. பால்வினை நோயையும் இது தடுக்காது.

பாருங்கள், ஒரு பத்தியில் முடிந்துவிட்டது. இந்த ஒரு பத்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நம்மிடம் ஆள் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

எழுபத்திரண்டு மணி நேரம் என்றால் நிறைய நேரம் மாதிரித் தெரியும். எங்கள் ஊர்க் கணக்கில் போட்டுப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் லீவு, ஞாயிறு. சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பெண்ணுக்கு இப்படி ஒன்று நடந்துவிட்டது என்று வையுங்கள். செவ்வாய் ராத்திரி பதினொன்றோடு கெடு முடிகிறது. ஞாயிறு ஓபி கிடையாது. திங்கள் அவளுக்கு ஏ ஷிஃப்ட். ஆறு மணிக்கு லைனில் நிற்க வேண்டும் என்றால் ஐந்து மணிக்கு முன்னால் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் விட்டு, பஸ் ஊரெல்லாம் சுற்றி இறக்கிவிடும்போது மூன்றரை. ஓபி சீட்டுக் கொடுக்கிறவர் எப்போதோ எழுந்து போயிருப்பார். செவ்வாயும் அதே கதை. லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகும், அதோடு அட்டெண்டன்ஸ் போனஸும் போகும். அந்தப் பணத்தை அவள் ஏற்கெனவே வீட்டுக்குச் சொல்லிவிட்டிருப்பாள். ஈ.எஸ்.ஐ.க்குப் போகலாமே என்பார்கள். சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் அதற்குத்தானே பிடிக்கிறார்கள்? அதற்கும் பகல்தான் வேண்டும். சரி, ஊருக்குள் நர்ஸம்மா எப்போது வருவார்? புதன்கிழமை, தடுப்பூசி போட.

புதன்கிழமை! ஒரு பொழுது தள்ளி.

வந்தாலும் என்ன ஆகப் போகிறது? நர்ஸம்மாவிடம் ஒரு பெரிய நோட்டு இருக்கிறது. இப்போது டேப்லெட்டிலும் ஏற்றுகிறார்கள், ஆனாலும் நோட்டுதான் நோட்டு. தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. மனைவிக்குப் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுக்குள் இருக்கும் எல்லாத் தம்பதியும் அதில் இருப்பார்கள். (கல்யாண வயது பதினெட்டு என்று சட்டம், நோட்டு பதினைந்தில் ஆரம்பிக்கிறது. அது தனிக் கதை.) எத்தனை குழந்தை, என்ன கருத்தடை, காப்பர்-டி போட்டாளா, ஆபரேஷன் ஆச்சா, எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற ‘அந்தரா’ ஊசியும் வாரம் ஒருமுறை, இருமுறை என்று போடுகிற ‘சாயா’ மாத்திரையும் அரசாங்கம் இலவசமாகவே கொடுக்கிறது. அவசர மாத்திரையும் அரசாங்கத்திடம் உண்டு, ‘ஈஸி பில்’ என்ற பேரில். 2011-ல் மத்திய அரசு போட்ட திட்டப்படி ஆஷா பணியாளர்கள் அதை வீட்டுக்கே கொண்டுபோய் இரண்டு ரூபாய்க்குக் கொடுக்கலாம். இரண்டே ரூபாய்! ஆனால் தமிழ்நாட்டில் ஆஷா பணியாளர்கள் பெரும்பாலும் மலைப்பகுதிகளோடு சரி. இங்கே எல்லாமே நர்ஸம்மாதான், நர்ஸம்மாவிடம் இருப்பது அந்த நோட்டுதான். என் மாடியில் இருக்கிற பெண்ணின் பேர் அந்த நோட்டில் ஏறவே வழியில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, இந்த ஊர் ரேஷன் கார்டும் இல்லை.

நர்ஸம்மாவையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சமவெளியில் ஐயாயிரம் ஜனத்துக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. ஏரிப் பாசனமும் நெல் வயலுமாக இருந்த ஊர்களுக்குப் போட்ட கணக்கு அது. இன்று பக்கத்து வல்லம் வடகாலில் ஒரே வளாகத்தில் 18,720 பெண்கள் தங்குகிற மாதிரி சிப்காட் விடுதி கட்டி, 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் திறந்து வைத்திருக்கிறார். 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. கட்டியது நல்ல காரியம், அதில் எனக்கு மறு பேச்சே இல்லை. 2021 டிசம்பரில் சாப்பாடு விஷமாகி, பூந்தமல்லிப் பக்கம் ஹாஸ்டல் பிள்ளைகள் விடிய விடிய ஹைவேயில் உட்கார்ந்ததை நேரில் பார்த்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அதற்கப்புறம் கட்டில், தண்ணீர், சோறு எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு வந்தது. அந்தக் கட்டிலில் படுக்கிற பெண்ணுக்குக் கர்ப்பப்பை ஒன்று உண்டு என்பதை மட்டும் எந்தக் கணக்கிலும் காணோம்.

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? வேலைக்கு ஆள் எடுக்கும்போது கல்யாணம் ஆகாத பெண்தான் வேண்டும் என்கிறார்கள். 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி போட்டது, ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்யும் ஆலை வேலைகளில் கல்யாணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்று. நிறுவனம் மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அறிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும், இங்கே தெருவில் ஆள் பிடிக்கிற ஏஜென்டுகள் ‘கல்யாணம் ஆயிடுச்சாம்மா?’ என்று முதல் கேள்வியாகக் கேட்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மெட்டியைக் கழற்றி பர்ஸில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற பெண்ணை நானே பார்த்திருக்கிறேன். புருஷன் ஊரில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து போவான். அவளும் நர்ஸம்மாவிடம் வாயைத் திறக்க மாட்டாள். கம்பெனிக்கு அவள் கன்னிப் பெண், ஊரில் குடும்பஸ்திரீ, இங்கே நோட்டில் ஆளே இல்லை. கம்பெனிக்கு வேண்டியது கல்யாணம் ஆகாதவள், சுகாதாரத் துறைக்குத் தெரிவது கல்யாணம் ஆனவள். இரண்டுக்கும் நடுவில் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கல்யாணம் ஆகாத பெண்ணும் இருக்கிறாள் என்பது கோர்ட்டுக்குக் கூடத் தெரிந்துவிட்டது. கருக்கலைப்புச் சட்டத்தை 2021-ல் திருத்தியபோது ‘கணவன்’ என்ற இடத்தில் ‘துணைவர்’ என்று போட்டார்கள். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் மற்றவர்களுக்கு உள்ள அதே 24 வார உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. டெல்லியில் உட்கார்ந்திருக்கிற நீதிபதிகள் கண்ணுக்குத் தெரிந்த பெண், துணை சுகாதார நிலையத்து நோட்டுக்கு இன்னும் தெரியவில்லை.

மருந்து கிடைக்காவிட்டால் பிள்ளைகள் சும்மா இருந்துவிடுவார்களா? ஒருத்தி பழக்கடையில் காய்வெட்டுப் பப்பாளி கேட்டு வாங்குவாள். எள்ளும் கருப்பட்டியும் இடித்து உருண்டை பிடிப்பாள். யூடியூபில் ஒருவர் சொல்கிறார் என்று எதையோ கொதிக்க வைத்துக் குடித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். நாள் தள்ளிப் போனதும் எவனோ ஒரு பையன், ஏதோ ஒரு கடையில், இரண்டாயிரமோ மூவாயிரமோ கொடுத்து நிஜமாகவே கலைக்கிற மாத்திரைக் கிட்டை வாங்கி வருவான். எத்தனை வாரம், கரு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கியிருக்கிறதா, ரத்தம் எவ்வளவு இருக்கிறது, ஒன்றும் பார்க்காமல் அவள் அதை விழுங்கிவிட்டு நைட் ஷிஃப்டுக்குப் போவாள். முதல் மூன்று நாளில் இரண்டு ரூபாய்க்கு முடிந்திருக்க வேண்டியது இது. கலாச்சாரத்தைக் காப்பாற்றியது யார், எதிலிருந்து?

‘இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தா பிள்ளைங்க கெட்டுப் போயிடும் டீச்சர்’ என்று என் வயதுக்காரிகளே சொல்கிறார்கள். சரி, சொல்லிக் கொடுக்காமல் வைத்திருந்தோமே, என்ன ஆனது? பிரஷர் மாத்திரை கடையில் இருக்கிறது என்பதற்காக யாரும் உப்பை அள்ளித் தின்னவில்லை. அதோடு, எல்லாமே காதல், ஊர் சுற்றல் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்களே! சொந்தக்கார அண்ணன், லைன் சூப்பர்வைசர், கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி மிரட்டி வைத்திருக்கிறவன், இவர்களெல்லாம் உங்கள் கணக்கில் இல்லையா? பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் ஆஸ்பத்திரிக்கு வந்தால் அவசரக் கருத்தடை கொடுக்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகமே 2014-ல் வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கே போகாதவள்தான் இங்கே அதிகம்.

இதைப் பேச வெட்கம் என்றும் சொல்ல முடியாது. ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று 2003 வாக்கில் ஊர் முழுக்கத் தட்டி வைத்து, டீக்கடை டீக்கடையாகப் பேச வைத்த மாநிலம் இது. குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம் வரையாத பள்ளிக்கூடச் சுவர் உண்டா? அதற்கெல்லாம் முன்னாலேயே, 1930-களில், பெரியார் கர்ப்பத்தடை பற்றித் தனியாக எழுதி, நாட்டு நன்மைக்காகவோ குடும்பச் செலவுக்காகவோ அல்ல, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று வாதாடினார். அவர் படம் மாட்டிய அரசு அலுவலகங்களும் இங்கே உண்டு. அவர் சொன்னதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, ஒரு பெண் மெடிக்கல் ஷாப்பில் குரலைத் தாழ்த்தி நிற்கிறாள், பின்னால் நிற்கிறவர் தொண்டையைக் கனைக்கிறார்.

அரசாங்கத்துக்கு வழி தெரியாமலும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்தது, வீடு வீடாகப் போய் சுகர், பிரஷர் பார்க்கிறார்கள். 2024 ஜனவரியில் தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று ஆலைகளுக்கே போக ஆரம்பித்தார்கள். நல்லது. அங்கே வரிசையில் நிற்கிற இருபது வயதுப் பெண்ணின் விரலில் ஊசி குத்தி சுகர் பார்த்து, நார்மல் என்று அனுப்பிவிடுகிறார்கள். இருபது வயதுப் பெண்ணுக்கு சுகர் நார்மலாகத்தான் இருக்கும் அம்மா! அவளிடம் கேட்க வேண்டியதைத் தனியாக, மெல்ல, ஒரு பெண் கேட்க வேண்டும். அந்தத் திட்டத்தில் வேலை பார்க்கிறவர்களில் நிறையப் பேர் சுய உதவிக் குழுப் பெண்கள்தான். எனக்குத் தெரிந்தவரை பேச்சுக்கு அவர்களிடம் பஞ்சமில்லை. பயிற்சி கொடுத்து, பையில் நாலு பாக்கெட் போட்டு அனுப்பினால் போதும். அங்கன்வாடி மையம் ஞாயிற்றுக்கிழமை பூட்டித்தான் கிடக்கிறது. மாதம் இரண்டு ஞாயிறு திறந்து வைத்தால் மாடி வீட்டுப் பெண்கள் வருவார்கள். உள்ளே வந்து போவதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகமும் வராது, ஹெல்த் மிக்ஸ் வாங்கப் போகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். வளரிளம் பருவத்தினருக்கு என்று ஆஸ்பத்திரிகளில் தனி ஆலோசனை மையமே இருக்கிறது, ஆனால் அந்தத் திட்டம் பத்தொன்பது வயதோடு முடிகிறது. வேலைக்கு வருகிற பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்திருக்கும். அந்த ஒரு வருஷம் அவளுக்கு இன்டக்‌ஷன் ட்ரெய்னிங்கிலேயே போய்விடுகிறது.

அந்த ட்ரெய்னிங்கில் என்னவெல்லாம் சொல்லித் தருகிறார்கள் தெரியுமா? தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது, கையுறை எப்படிப் போடுவது, தலைமுடி எப்படிக் கட்டுவது, ஐடி கார்டு தொலைந்தால் யாரிடம் போவது. என் மாடிப் பெண் ஒருத்தி அத்தனையும் ஒப்பிப்பாள். அதில் ஓர் அரைமணி நேரம், ஒரு பெண் டாக்டரைக் கூப்பிட்டு, மேலே நான் சொன்ன ஒரு பத்தியைச் சொல்லச் சொன்னால் எந்த லைனும் நின்றுவிடாது. ஹாஸ்டல் முதலுதவிப் பெட்டியில் பேண்டேஜுக்குப் பக்கத்தில் என்ன வைக்கலாம் என்று வார்டன்களிடம் கேட்டால் உடனே முகம் கோணுகிறது. வைக்க வேண்டாம், போகட்டும். எங்கே கிடைக்கும் என்று ஒரு காகிதத்தில் எழுதி பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் ஒட்டலாம் இல்லையா? தண்ணீர் வீணாக்காதே என்று ஒட்டுகிறார்களே!

அன்று வந்த பெண்ணுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். தாம்பரம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெண் டாக்டரிடம் ஷேர் ஆட்டோவும் பஸ்ஸுமாக மாறி மாறிக் கூட்டிப் போனேன். அவர் ஒன்றும் விசாரிக்கவில்லை, சீட்டு எழுதி, கிடைக்கிற கடையையும் சொல்லி அனுப்பினார். அவளுக்கு ஒரு டீச்சர் இருந்தாள், டீச்சருக்கு ஒரு டாக்டரைத் தெரிந்திருந்தது. பதினெட்டாயிரம் கட்டில் இருக்கிற இடத்தில் எத்தனை டீச்சரைத் தேடுவது?

காஞ்சிபுரம் மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்கு இதுதான் என் விண்ணப்பம். அந்த நோட்டில் ஹாஸ்டலுக்கும் வாடகை ரூமுக்கும் ஒரு பக்கம் போடுங்கள். தம்பதியர் என்று தலைப்பு வேண்டாம், பெண்கள் என்று போட்டால் போதும். கடைகளுக்கு ‘தடை இல்லை, விற்கலாம்’ என்று கையெழுத்துப் போட்டு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள், பையன் அதைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளட்டும். இதைப் படிக்கிற பெண்ணே, உனக்கு இன்றைக்கே அவசரம் என்றால் சுற்றறிக்கைக்குக் காத்திருக்காதே. 104-க்குப் போன் போடு, அரசு மருத்துவ ஆலோசனை எண், காசு கிடையாது. ஸ்ரீபெரும்புதூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் நேராகக் கேள். மூன்று நாள் தாண்டிவிட்டாலும் ஐந்து நாளுக்குள் போனால் காப்பர்-டி போட்டும் தடுக்கலாம், அதையும் கேள். லீவு போடுவதற்கு என்ன காரணம் சொல்வது என்றுதானே யோசிக்கிறாய்? வயிற்று வலி என்று சொல், அதற்கு மேல் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.